எலும்பு முறியாத விபத்து

மோட்டார் விபத்தில் கால் முறிந்தவரைப் பார்த்தால் ஊரெல்லாம் இரங்குகிறது. மாவுக்கட்டைப் பார்க்கிறார்கள், ஊன்றுகோலைப் பார்க்கிறார்கள், ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் புட்டியும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால், எலும்பு ஒன்றும் முறியாமல், இரத்தம் ஒரு சொட்டும் சிந்தாமல், விபத்து நடந்து ஆறு மாதம் ஆன பிறகும் "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்று ஒருவர் சொன்னால்? முதல் வாரத்தில் இரக்கம் உண்டாகிறது. இரண்டாவது மாதத்தில் ஆச்சரியம் உண்டாகிறது. ஆறாவது மாதத்தில் சந்தேகம் வந்துவிடுகிறது. அவர் நஷ்ட ஈடு கேட்டுப் பிராதும் கொடுத்துவிட்டாரானால், சந்தேகத்துக்குக்கூட இடமில்லை. "பணத்துக்காகப் போடும் வேஷம்!" என்று உலகம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நியாயமானது என்று சற்று விசாரித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில், இது யாரோ சிலருடைய சங்கடம் அல்ல. 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் காயம் அடைந்தவர்கள் 4,43,366 பேர் என்று மத்திய சர்க்காரின் கணக்குச் சொல்கிறது. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுக்குள் முதல் ஸ்தானம் பெற்றது நம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள். முதல் ஸ்தானம் பெறுவதற்கு வேறு எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கின்றன. நமக்கு இதில் கிடைத்திருக்கிறது!

காயம் அடைந்தவர்களில் பெரும்பாலோர் குணமடைந்து தங்கள் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிலருக்கு மட்டும் காயம் ஆறிவிடுகிறது, வலி ஆறுவதில்லை. அந்தச் சிலரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

அபிராமபுரத்து அம்மாள்

அபிராமபுரத்தில் ஓர் அம்மாள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். குறிப்பாக ஒருவரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. சி.பி. இராமசாமி ரோடில் விளக்குச் சிவப்பாக எரிந்தபடியால் அவர்களுடைய வண்டி நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை. 'டமார்' என்று ஒரு சப்தம். அம்மாளின் தலை ஒரு தடவை பின்னால் சாய்ந்து, அடுத்த கணம் முன்னால் வந்து விழுகிறது. சாட்டையைச் சொடுக்கினால் அதன் நுனி எப்படித் துள்ளுமோ அப்படி. வண்டியின் பின்புறம் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. அவ்வளவுதான். "நல்ல வேளை, ஒருவருக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் வீடு போய்ச் சேருகிறார்கள்.

மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறார்கள், எலும்பு சரியாக இருக்கிறது. "தசைப் பிடிப்பு, பத்து நாளில் சரியாகிவிடும்" என்கிறார் டாக்டர். பத்து நாள் இரண்டு மாதமாகிறது. கழுத்திலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து இடுப்புக்கும் வலி குடிபெயர்கிறது. ஆனால், முன் இருந்த இடத்தைக் காலி செய்வதும் இல்லை. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், இரவெல்லாம் மாவு ஆட்டினவர்போல் உடம்பு அலுத்துக் கிடக்கிறது. ரஸத்துக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்பது ஞாபகம் இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், குற்றமில்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறார்கள், அதிலும் குற்றமில்லை. கடைசியில் அம்மாளின்மேல்தான் குற்றம் என்று வீட்டார் நினைக்கத் தொடங்குகிறார்கள். "அந்தக் காலத்தில் நாங்கள் எட்டுப் பிள்ளை பெற்று, கிணற்றில் தண்ணீரும் இறைத்தோம்" என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

இந்த அம்மாளுக்கு வந்திருக்கக்கூடிய வியாதிக்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நார், தசை, வலி என்னும் பொருள் கொண்ட லத்தீன், கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டியது அது. தமிழில் நார்த்தசை வலி என்று சொல்லலாம்.

வியாதிக்குப் பெயர் வந்த கதை

1904-ம் வருஷம் இங்கிலாந்தில் வில்லியம் கவர்ஸ் என்னும் வைத்திய நிபுணர் இம்மாதிரி வலிகளுக்கு 'பைப்ரோஸைட்டிஸ்' என்று பெயர் வைத்தார். நார்த் திசுக்களில் அழற்சி என்பது பொருள். பின்னால் தேடிப் பார்த்தபோது அழற்சி எதுவும் அகப்படவில்லை. ஆகவே 1976-ல் பெயரை மாற்றினார்கள். 1990-ல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கத்தார் இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார்கள். உடம்பில் 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். 11 இடங்களிலாவது வலித்தால் இந்த வியாதி. 2010-ல் அந்த விரல் பரீட்சையைக் கைவிட்டு, எந்தெந்தப் பாகங்களில் வலி, தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, ஞாபக சக்தி எப்படி என்பவற்றைக் கேட்டு மதிப்பிடும் முறைக்கு வந்தார்கள். எந்த முறையானாலும் ஒரு நிபந்தனை உண்டு: வலி குறைந்தது மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். இந்த நிபந்தனையை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னால் கோர்ட்டுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

வலி எங்கிருந்து வருகிறது? ரேடியோப் பெட்டியில் சப்தத்தைக் கூட்டும் திருகு ஒன்று உண்டல்லவா? அது கடைசி வரையில் திருகப்பட்டு அப்படியே மாட்டிக்கொண்டால், நிலையத்திலிருந்து மெதுவாகப் பேசினாலும் வீட்டில் காது செவிடு படும். மூளையிலும் தண்டுவடத்திலும் வலியைப் பெருக்கவும் அடக்கவும் அமைந்த ஏற்பாடு அதுபோல் மாட்டிக்கொள்கிறது என்பதே இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் பொதுவான அபிப்பிராயம். தசை கெடவில்லை, ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. ஆயினும் வலி மெய்யானது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் 2022-ல் அமலுக்கு வந்த தங்கள் வியாதி அட்டவணையில், நெடுநாள் நீடிக்கும் வலிகளுக்கென்று தனி இடம் கொடுத்து, இதை அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடமே இது அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

விபத்துதான் காரணமா?

இங்கேதான் சண்டை ஆரம்பமாகிறது. சண்டை புதிதல்ல. மோட்டார் வருவதற்கு முன்பே, ரயில் வண்டிக் காலத்திலேயே அது ஆரம்பமாகிவிட்டது. இங்கிலாந்தில் ரயில்கள் மோதிக்கொண்டபோது, வெளிக் காயமே இல்லாத பிரயாணிகள் பல மாதம் முதுகு வலி, தூக்கமின்மை, மறதி என்று அவதிப்பட்டார்கள். 1866-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் எரிக் எரிக்ஸன் என்னும் ரண வைத்தியர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதிர்ச்சியினால் தண்டுவடம் பழுதுபடுகிறது என்றார். ஜனங்கள் இதற்கு 'ரயில்வே முதுகு' என்று பெயரிட்டார்கள். ரயில்வே கம்பெனிகள் நஷ்ட ஈடு கொடுத்து மாளவில்லை. 1883-ல் ஹெர்பர்ட் பேஜ் என்னும் மற்றொரு ரண வைத்தியர், முதுகில் ஒன்றுமில்லை, பயமும் மனக் கலக்கமுமே காரணம் என்று மறுப்பு எழுதினார். அவர் ஒரு ரயில்வே கம்பெனியின் வைத்தியர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்தும் ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 1997-ல் இஸ்ரேல் தேசத்தில் கழுத்தில் அடிபட்டவர்களையும் கால் எலும்பு முறிந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 21.6 பேருக்கு இந்த வியாதி கண்டது. கால் முறிந்தவர்களில் நூற்றுக்கு 1.7 பேருக்குத்தான். நஷ்ட ஈட்டுப் பிராது கொடுத்தவர்களுக்கு அதிகமாக வந்தது என்றும் சொல்வதற்கில்லை. இது பாதிக்கப்பட்டவர்களுக்கு அநுகூலமான சாட்சியம். ஆனால் 2006-ல் அதே இஸ்ரேலில் வேறு வைத்தியர்கள் கழுத்துச் சொடுக்கு ஏற்பட்ட 153 பேரைக் கவனித்து வந்தபோது, ஒரே ஒருவருக்குத்தான் வியாதி வந்தது. இன்ஷியூரன்ஸ் பழக்கம் பரவாதிருந்த லிதுவேனியா தேசத்தில் 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பின்னாலிருந்து இடிக்கப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமான கழுத்து வலி நிலைத்திருக்கவில்லை என்று கண்டார்கள். அந்த ஆராய்ச்சியில் குறை கண்டவர்களும் உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், விபத்து ஒரு தீக்குச்சி என்று சொல்லலாம். ஈர விறகின்மேல் விழுந்தால் அணைந்துபோகிறது. காய்ந்த வைக்கோலில் விழுந்தால் பற்றிக்கொள்கிறது. முன்பே உடல் உபாதைகள் உள்ளவர்களுக்கு அபாயம் அதிகம் என்று இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியும் 2006-ல் தெரிவித்தது. "அப்படியானால் வைக்கோலின் குற்றம்தானே?" என்று இன்ஷியூரன்ஸ் கம்பெனியார் கேட்கக்கூடும். இதற்கு ஆங்கிலச் சட்டம் 1901-லேயே பதில் சொல்லிவிட்டது. மண்டை ஓடு மெல்லியதாக உள்ளவனைத் தவறுதலாக இடித்துவிட்டு, "கெட்டியான மண்டையாக இருந்தால் உடைந்திராதே" என்று இடித்தவர் வாதிக்க முடியாது. அடிபட்டவர் எப்படி இருந்தாரோ அப்படியே அவரை ஏற்றுக்கொண்டு பரிகாரம் செய்ய வேண்டும்.

கோர்ட்டு கேட்கும் மூன்று கேள்விகள்

நம் தேசத்தில் மோட்டார் விபத்து வழக்குகளுக்குத் தனியாக டிரிப்யூனல்கள் உண்டு. 1939-ம் வருஷத்துச் சட்டத்தை 1956-ல் திருத்தி அவற்றை ஏற்படுத்தினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். சென்னையில் ஹைகோர்ட் வளாகத்திலுள்ள ஸ்மால் காஸ் கோர்ட்டு இந்த வழக்குகளை விசாரிக்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் பிராது கொடுக்க வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலும் கொடுக்கலாம். கொலை வழக்கைப்போல் துளிச் சந்தேகமும் இல்லாமல் ருசுப்படுத்த வேண்டும் என்பதும் இல்லை. எது அதிகம் நம்பத் தக்கதோ அதை ஒப்புக்கொண்டு, நியாயமான நஷ்ட ஈடு அளிக்க வேண்டும் என்பதே விதி.

கண்ணுக்குத் தெரியாத வலியோடு வருகிறவரைப் பார்த்து டிரிப்யூனல் மூன்று கேள்விகள் கேட்கிறது. வலி மெய்யா? அதற்கு விபத்து காரணமா? அதனால் இவர் இழந்தது என்ன? வெளியே உள்ள நாம் இந்த மூன்றையும் ஒன்றாய்க் குழப்பிவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்ற பதில் வந்தால், முதல் கேள்விக்கும் அதுதான் பதில் என்று எண்ணி, அவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறோம். விபத்தினால் வந்தது என்று ருசுவாகாத வலியும் வலிதான்.

முதல் கேள்வியைப் பற்றிக் கனடா தேசத்தின் சுப்ரீம் கோர்ட்டு 2003-ல் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. நோவா ஸ்கோஷியா மாகாணத்துச் சட்டம், வேலையில் காயம் பட்டுத் தீராத வலியால் அவதிப்படுகிறவர்களுக்குச் சாதாரண நஷ்ட ஈடு கிடையாது, நாலு வாரச் சிகிச்சை மட்டும்தான் என்று ஒதுக்கி வைத்திருந்தது. படத்தில் தெரியாத வலி என்பதற்காக ஒரு கூட்டத்தாரை மொத்தமாகத் தள்ளிவிடுவது சமத்துவத்துக்கு விரோதம் என்று கோர்ட்டு அந்த விதியை ரத்து செய்தது. ஒவ்வொருவர் நிலைமையையும் தனித் தனியே பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூன்றாவது கேள்விக்கு நம் சுப்ரீம் கோர்ட்டே வழி காட்டியிருக்கிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்னும் வழக்கில் 2010 அக்டோபரில் அளித்த தீர்ப்பு அது. உடம்பின் ஊனம் நூற்றுக்கு எத்தனை என்பது வேறு, சம்பாதிக்கும் சக்தியில் இழப்பு எத்தனை என்பது வேறு என்று அதில் விளக்கினார்கள். இடது கையை இழந்த ஒருவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பே போய்விடும். குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். ஊனம் ஒன்றுதான், நஷ்டம் ஒன்றல்ல. நார்த்தசை வலிக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளந்து கொடுக்கும் ஊனச் சர்ட்டிபிகேட்டில் இவர்களுடைய கஷ்டம் ஏறுவது கடினம். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலிலும் இந்த வியாதி இல்லை. ஆனால், "முன்னே என்ன வேலை செய்தார், இப்போது என்ன செய்ய முடிகிறது?" என்ற கேள்வி அவர்களுக்கும் திறந்திருக்கிறது.

அதே தீர்ப்பில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. சிகிச்சையே செய்யாமல், வழக்குக்கென்று தயாராக எழுதிக் கொடுக்கும் டாக்டர் சர்ட்டிபிகேட்டுகளை டிரிப்யூனல்கள் ஜாக்கிரதையுடன் பார்க்க வேண்டும் என்பது அது. பொய்ப் பிராதுகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பொய்ப் பிராதும் மெய்யாக வலிக்கிறவர் ஒருவருடைய வாயை அடைத்துவிடுகிறது.

"வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு என்ன வருமான நஷ்டம்?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லி, 2021 ஜனவரியில் மீண்டும் வற்புறுத்தியிருக்கிறது. சமையல், குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு எல்லாம் தாமாக நடந்துவிடுவதில்லை. அவை நின்றுபோகும்போதுதான் அவற்றின் விலை வீட்டாருக்குத் தெரிகிறது.

மூன்று மாதமும் ஆறு மாதமும்

முன்பு சொன்ன மூன்று மாத நிபந்தனை இப்போது வருகிறது. வலி மூன்று மாதம் நீடித்த பிறகுதான் வியாதிக்குப் பெயர் வைக்க முடியும். நடைமுறையில், பல டாக்டர்களிடம் அலைந்து பெயர் தெரிவதற்குள் ஒரு வருஷம்கூட ஆகிவிடுகிறது. ஆனால், 2019-ல் செய்து 2022 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் பிராது கொடுக்க வேண்டும் என்கிறது. இந்தக் கெடு செல்லுமா என்பது சுப்ரீம் கோர்ட்டின் முன் கேள்வியாக வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் அதை நம்பிக் காத்திராமல், ஆறு மாதத்துக்குள் வக்கீலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு.

அவசரப்பட்டு முடித்துக்கொள்வதிலும் அபாயம் இருக்கிறது. டிரிப்யூனல் ஒரு தடவை கடைசித் தீர்ப்புச் சொல்லிவிட்டால், பிறகு வலி அதிகமாயிற்று என்று மறுபடி கேட்க இடமில்லை. வருங்கால வைத்தியச் செலவையும் அப்போதே சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2002-ல் நாகப்பா வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது.

ஆகவே, பின்வரும் காரியங்களை விபத்து நடந்த அன்றே தொடங்க வேண்டும். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடாமல், ஆஸ்பத்திரிக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தென் சென்னைவாசிகளுக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை தூரமில்லை. போலீஸில் எழுதி வைக்க வேண்டும். கழுத்து மட்டும் வலித்தாலும், தலை சுற்றல் மட்டும் இருந்தாலும், அதை டாக்டர் சீட்டில் எழுதும்படி கேட்க வேண்டும். ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில், இன்று எத்தனை மணி தூங்கினேன், எந்த வேலை முடியவில்லை என்று தேதி போட்டு எழுதி வருவது நல்லது. முன்பே முதுகு வலியோ தலைவலியோ இருந்திருந்தால், அதை மறைக்கவே கூடாது. பழைய சீட்டு எதிர்க் கட்சியின் கையில் அகப்பட்டால், மெய்யான வலியும் பொய்யாகிவிடும்.

வழக்கும் வைத்தியமும்

இந்த வியாதிக்கு உள்ள பரிகாரங்களில் மிகவும் உறுதியான ஆதாரமுள்ளது தேகப் பயிற்சி என்று ஐரோப்பிய வாதநோய் வைத்தியர்கள் சொல்கிறார்கள். வலிக்கிறதே என்று படுத்துவிட்டால் வலி வளரும். இன்று ஐந்து நிமிஷம், அடுத்த வாரம் ஏழு நிமிஷம் என்று மெதுவாக நடையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தூக்கத்தை ஒழுங்கு செய்ய வேண்டும். வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் மனப் பயிற்சிகள் உண்டு. டியுலாக்ஸெடின், பிரீகாபலின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஓரளவு பயன் தருகின்றன; டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. நடப்பதற்கு அபிராமபுரத்தார் வெகு தூரம் போக வேண்டியதில்லை. லஸ்ஸில் நாகேசுவர ராவ் பூங்கா இருக்கிறது. 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய தேசபக்தர் காசீநாதுனி நாகேசுவர ராவ் பந்துலுவின் பெயர் தாங்கியது அது. தலைவலிக்குத் தைலம் கொடுத்தவர் பெயரிலுள்ள பூங்காவில் உடம்பு வலிக்கு நடை நடப்பது பொருத்தந்தான்!

ஆனால், இங்கே ஒரு தர்மசங்கடம் வருகிறது. "பூங்காவில் நடப்பதை யாராவது படம் பிடித்துக் கோர்ட்டில் காட்டிவிட்டால்?" என்ற பயத்தில் சிலர் வீட்டிலேயே முடங்கிவிடுகிறார்கள். வழக்கு நடக்கும் வரை குணமாகக் கூடாது என்று ஒருவரும் நினைப்பதில்லை. ஆயினும் தான் நோயாளி என்பதைத் தினந்தோறும் ருசுப்படுத்த வேண்டியிருக்கிறவருக்குக் குணமாவது கடினம் என்று நார்ட்டின் ஹாட்லர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1996-ல் இந்த வியாதியையே உதாரணமாகக் காட்டி எழுதினார். கனடாவின் ஸஸ்காச்சுவான் மாகாணத்தில் 1995 ஜனவரி முதல், வேதனைக்கென்று தனித் தொகை கேட்டு வழக்காடும் முறையை எடுத்துவிட்டுச் சிகிச்சைச் செலவையும் வருமான இழப்பையும் ஈடு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். முன்பு லட்சம் பேருக்கு 417 ஆக இருந்த கழுத்துச் சொடுக்குப் பிராதுகள் 302 ஆகக் குறைந்தன. பிராதுகள் முடியும் காலமும் சுருங்கிற்று. "பார்த்தீர்களா, பணந்தான் வலி!" என்றார்கள் ஒரு சாரார். "கதவைச் சாத்திவிட்டால் வருகிறவர்கள் குறையத்தானே செய்வார்கள்?" என்றார்கள் மற்றொரு சாரார். வழக்கின் இழுபறியே உடம்புக்கு ஒரு சுமை என்பது மட்டும் இரு சாராரும் மறுக்க முடியாதது.

இதற்கு வழி, சிகிச்சையை வழக்குக்காக நிறுத்தாமல் இருப்பதுதான். நடக்கும்படி டாக்டர் சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக நடக்கலாம். சொன்ன சிகிச்சையை ஒழுங்காகச் செய்தும் இவ்வளவுதான் தேறினார் என்பதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை. லோக் அதாலத்தில் சமரசமாக முடிக்க இடமிருந்தால், அதையும் யோசிக்கலாம்.

கடைசியாக, வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வலியை அளக்கப் படியும் இல்லை, முழக்கோலும் இல்லை. கோர்ட்டு சாட்சியம் கேட்பது நியாயம்; பிறர் பணத்தை எடுத்துக் கொடுக்கும் இடம் அது. இன்ஷியூரன்ஸ் கம்பெனி சந்தேகப்படுவதும் அதன் தொழில். ஆனால், கணவனும் மக்களும் மாமியாரும் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தால், பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு கோர்ட்டுகளில் வழக்கு நடக்கிறது. முதல் கோர்ட்டிலாவது வாய்தா நாளில் மட்டுந்தான் விசாரணை. வீட்டுக் கோர்ட்டுக்கு விடுமுறையே கிடையாது. "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று சந்தேகமில்லாமல் ஒரு தடவை கேட்டு, கையிலிருக்கும் வாளியை வாங்கிக்கொண்டால் போதும். நஷ்ட ஈட்டை டிரிப்யூனல் தரலாம், தராமலும் போகலாம். இந்த ஈட்டைத் தருவதற்கு எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.